தொழிலில் ஓட்டை எங்கே? நீங்களே நிற்பதா, ஆட்களைக் கேட்பதா, ஆலோசகரா, சாஃப்ட்வேரா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் ஓசூர்ப் பக்கமிருந்துதான் வருகிறது, சீசன் முடிந்த கையோடு கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்காரர்களிடமிருந்தும் வரும். "ஆர்டர் இருக்கு, மெஷின் இருக்கு, ஆளும் இருக்கு, ஆனா மாசக் கடைசியில டிஸ்பாட்ச் தள்ளிப்போகுது, கையில காசு நிக்க மாட்டேங்குது. எங்க ஓட்டைன்னு பார்க்க யாரையாவது வைக்கலாமா, இல்ல ஒரு சாஃப்ட்வேர் போட்டுடலாமா?"

இதற்கு நாலு வழி இருக்கிறது: முதலாளியே நின்று பார்ப்பது, வேலை செய்கிறவர்களைக் கேட்பது, வெளியிலிருந்து ஆலோசகரைக் கூப்பிடுவது, கணக்கும் சாஃப்ட்வேரும் காட்டுவதை வைத்துப் பிடிப்பது. நாலுமே வேலை செய்யும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஓட்டையைத்தான் காட்டும் என்பதால் எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதில் பணம் இருக்கிறது. ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன், நானும் சில யூனிட்டுகளுக்கு இந்த வேலையைக் கூலிக்குச் செய்து கொடுப்பவன்தான், அதனால் ஆலோசகர் பகுதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

## முதலில், எதை வைத்து ஒப்பிடுவது?

செலவு என்றால் எல்லாரும் பில் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். அதோடு இன்னும் நாலைப் பாருங்கள்.

நடப்பதைக் காட்டுகிறதா, இல்லை நடப்பதாகச் சொல்லப்படுவதைக் காட்டுகிறதா என்பது முதலாவது. இரண்டாவது, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வேலை மாறும் இடம் தெரிகிறதா. மெஷினுக்குள் போகும் நேரத்தைவிட மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவில், ஸ்டோர்ஸுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் போகும் நேரம்தான் சின்ன யூனிட்டுகளில் அதிகம். மூன்றாவது, வெளியில் தெரியாத செலவு: உங்கள் நேரம், சூப்பர்வைசர் நேரம், ஆட்களின் நம்பிக்கை. நாலாவது, கண்டுபிடித்த பிறகு அதைச் சரிசெய்ய ஒருத்தர் அங்கே இருப்பாரா. அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடுகிற வழிக்கும், பார்த்தவரே அடுத்த நாள் மாற்றுகிற வழிக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

## 1. நீங்களே நின்று பார்ப்பது

டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பொறியாளரை அதற்குள் மணிக்கணக்கில் நிற்க வைத்து "பார்" என்று சொல்லிவிட்டுப் போவாராம். நம் ஊர் முதலாளிகள் நாள் முழுக்கத் தளத்தில்தானே சுற்றுகிறார்கள் என்று கேட்கலாம். சுற்றுவது வேறு, நிற்பது வேறு. சுற்றும்போது எங்கே சத்தம் கேட்கிறதோ அங்கே போவோம், சத்தமே போடாமல் பீஸ் அடுக்கிய ஒரு கிரேட் (பெட்டி) மூலையில் காத்துக் கிடப்பது கண்ணில் படாது.

அதனால் நான் சொல்வது, ஆளின் பின்னால் போகாமல் கிரேட்டின் பின்னால் போங்கள் என்று. ஓசூரில் கம்ப்யூட்டர் மூலம் ஓடும் சி.என்.சி. மெஷின்கள் வைத்திருக்கும் ஒரு யூனிட்டில் ஒரே ஒரு கிரேட்டில் மஞ்சள் அட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் நேரம் எழுத வேண்டும், காரணம் எதுவும் வேண்டாம், நேரம் மட்டும். ராத்திரி ஷிஃப்டில் ஓடிய பீஸ்கள் விடியற்காலை நாலு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு வந்துவிட்டதாக அட்டையில் இருக்கிறது. அதற்கு அடுத்த வரி, காலை பத்தே கால். நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால், அளவு பார்க்கும் கருவியான கேஜ், இன்ஸ்பெக்டருடைய டிராயரில் இருக்கிறது, சாவி அவர் பாக்கெட்டில், அவர் ஜெனரல் ஷிஃப்ட், வந்ததும் முதலில் உள்ளே வந்த ரா மெட்டீரியலைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மேசைக்கு வருவார். டிராயரைப் பூட்டச் சொன்னது யார்? முதலாளியேதான், எப்போதோ ஒரு பிளக் கேஜ் காணாமல் போன கோபத்தில். ராத்திரி ஷிஃப்ட் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அந்தப் பூட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடும். இதை எந்த சாஃப்ட்வேரும் காட்டியிருக்காது, அதில் 'இன்ஸ்பெக்‌ஷன் பெண்டிங்' என்று மட்டும் இருந்திருக்கும்.

அதே அட்டை பிளேட்டிங்குக்கு, அதாவது முலாம் பூச வெளியே, போன கதை இன்னும் நீளம். லோடு சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும் என்பது வழக்கம், வண்டி வாடகை மிச்சம் என்று எல்லாரும் அதைச் சரி என்றே நினைத்திருந்தார்கள். வாடகையில் மிச்சமானது ஒரு கணக்கில் ஏறுகிறது, சரக்கு தேங்கியதால் தள்ளிப்போன பில் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

தளத்தோடு நின்றுவிடாமல் காகிதத்தின் பின்னாலும் ஒரு தடவை போங்கள். என்குயரி வந்த நாள், விலை அனுப்பிய நாள், பர்ச்சேஸ் ஆர்டர் வந்த நாள், சரக்கு போன நாள், பில் அவர்கள் கணக்கில் ஏறிய நாள், பணம் வந்த நாள். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது, ஆனால் அந்த நாட்களைச் சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். சரக்கு கொடுத்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், கொடுத்த நாளே ஏற்ற நாள். அப்படியிருக்க, திருத்தம் செய்த பர்ச்சேஸ் ஆர்டரின் எண்ணைப் போடாமல் பழைய எண்ணைப் போட்டு, பில் திரும்பி வந்து, அதை யாரும் கவனிக்காமல் இரண்டு வாரம் மேசையில் கிடந்தால், சட்டத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

ஒரு எச்சரிக்கை. 'ஏன்' என்று திரும்பத் திரும்பக் கேட்கும் முறை டொயோட்டாவிலிருந்து வந்து இப்போது ஓசூரில் வெண்டர் யூனிட் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், வாடிக்கையாளருக்கு அனுப்பும் படிவத்தில் ஐந்து கட்டம் இருக்கும், ஐந்தாவது கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். பதில் ஒரு ஆளின் பெயரில் போய் முடிந்தால் இன்னும் ஒருமுறை கேளுங்கள். கவனம் குறைந்தாலும் தப்பு நடக்காதபடி ஏன் இல்லை என்பதுதான் அங்கே மிச்சமிருக்கும் கேள்வி.

வெளியில் தெரியாத செலவு: உங்கள் முழு நாட்கள், போனை அணைத்துவிட்டு. அப்புறம், முதலாளி நின்றாலே எல்லார் கையும் வேகமாகும், முதல் நாள் பார்ப்பதை நம்ப முடியாது. எல்லாவற்றையும்விட, பூட்டுப் போடச் சொன்னவர் கண்ணுக்குப் பூட்டு தெரிவது கஷ்டம்.

## 2. வேலை செய்கிறவர்களைக் கேட்பது

மலிவான வழி என்று எல்லாரும் நினைப்பது, சரியாகச் செய்யாவிட்டால் நாலிலும் இதுதான் அதிக விலை.

ஆட்களே சின்னக் குழுவாக உட்கார்ந்து தங்கள் வேலையிலுள்ள தடங்கல்களைப் பேசித் தீர்க்கும் தரவட்டம் எனும் குவாலிட்டி சர்க்கிள் 1962-ல் ஜப்பானில் கவோரு இஷிகாவாவின் முயற்சியில் தொடங்கியது, இந்தியாவுக்கு 1980-ல் ஹைதராபாத் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை வழியாக வந்தது. ஓசூருக்கு இது புதிதல்ல, டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கிய காலத்திலிருந்தே அதற்குச் சரக்கு கொடுக்கும் யூனிட்டுகளுக்கும் இந்தப் பேச்செல்லாம் பழக்கம். ஆனால் பெரிய கம்பெனியில் நடக்கும் தரவட்டத்தை இருபது பேர் யூனிட்டில் அப்படியே வைத்தால், சனிக்கிழமை சாயங்காலம் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு "எல்லாம் நல்லாத்தான் சார் போகுது" என்று கலைந்துவிடுவார்கள்.

ஏன் சொல்ல மாட்டார்கள் என்பதற்கு ஒரு நேரடிக் காரணம் இருக்கிறது, முதலாளிகள் அதைப் பேசவே மாட்டார்கள். ஓ.டி., அதாவது ஓவர்டைம்தான் அது. வேலை சுணங்குவதால்தான் ஓவர்டைம் வருகிறது, ஓவர்டைமில்தான் ஊருக்கு அனுப்பும் பணம் வருகிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஷெட்டுக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர், தன் வருமானத்தைக் குறைக்கும் யோசனையை ஏன் சொல்ல வேண்டும்? "சுணக்கம் குறைந்தால் ஓ.டி. குறையும், அதற்குப் பதில் இவ்வளவு தருகிறேன்" என்று முதலிலேயே பேசிவிட்டுத்தான் கேட்கத் தொடங்க வேண்டும். அதைப் பேச மனமில்லை என்றால் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது.

மொழியையும் கணக்கில் எடுங்கள். ஓசூரில் ஒரே ஷிஃப்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் ஓடும். கூட்டம் போட்டுத் தமிழில் கேட்டால் தமிழ் பேசும் சூப்பர்வைசர்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார், ஓட்டை சில சமயம் அந்த சூப்பர்வைசர் பக்கத்தில்தான் இருக்கும்.

"என்ன குறை?" என்று கேட்காதீர்கள், அது புகார் சொல்லச் சொல்வது மாதிரி. "நேத்து எதுக்காக நின்னீங்க?" என்று கேளுங்கள். டூல் வரவில்லை, கிரேன் காலியில்லை, டிராயிங் தெளிவில்லை, கேட்க ஆள் இல்லை என்று பதில் தானாக வரும். இன்னொன்று, கேட்டால் செய்ய வேண்டும். "அதை நாங்க போன வருஷமே சொன்னோமே சார்" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்த வழி நன்றாக வேலை செய்யும் இடம்: நாலைந்து வருடமாக அதே ஆட்கள் இருக்கும் யூனிட், தினமும் வரும் சின்னச் சின்னத் தடங்கல்கள். வேலை செய்யாத இடம்: விலை போடுவது, கொள்முதல், பில் வசூல். அங்கே நடப்பது தளத்தில் இருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

## 3. வெளி ஆலோசகர்

நல்ல ஆலோசகர் உங்கள் பூட்டை ஒரே காலைப் பொழுதில் பார்த்துவிடுவார், அவருக்கு அந்தப் பூட்டோடு எந்த உறவும் இல்லை. அதற்குத்தான் அவருக்குக் காசு. அப்பா-மகன், அண்ணன்-தம்பி சேர்ந்து நடத்தும் நிறுவனங்களில் இன்னொரு உபயோகமும் உண்டு. மகன் இரண்டு வருடமாகச் சொல்லியும் காதில் ஏறாத ஒன்றை வெளியாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அப்பா ஒத்துக்கொள்வார். அற்பமாகத் தெரியும், ஆனால் நான் பார்த்தவரை பாதி இடங்களில் ஆலோசகர் வருவதன் உண்மையான பலன் இதுதான்.

கட்டணம் பற்றிய பயத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது. 2023 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய, வீண் வேலையையும் தேக்கத்தையும் குறைக்க உதவும் எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டத்தில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி, அடிப்படைப் படிக்குக் கட்டணம் இல்லை, மேல் இரண்டு படிகளுக்கு ஆலோசனைச் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் என்பது அறிவிப்பு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். சேரும் நேரத்தில் இருக்கும் நிபந்தனையைப் படித்துவிட்டுச் சேருங்கள், இது போன்ற திட்டங்களில் விதி மாறிக்கொண்டே இருக்கும்.

வெளியில் தெரியாத செலவு மூன்று. அவர் கேட்கும் விவரத்தை எடுத்துக் கொடுக்க உங்கள் நல்ல சூப்பர்வைசர் பாதி நேரம் உட்கார வேண்டும், அந்த வாரம் உற்பத்தி இறங்கும். தரையில் மஞ்சள் கோடு, சுவரில் பலகை, லேபிள் என்று கண்ணுக்குத் தெரியும் வேலை முதலில் நடந்துவிடும், போட்டோவும் அழகாக வரும், கேஜ் மட்டும் டிராயருக்குள்ளேயே இருக்கும். மூன்றாவது, அவர் பக்கத்து யூனிட்டுக்கும் போகிறார். உங்கள் ரேட்டும் வாடிக்கையாளர் பெயரும் வாயால் போகாவிட்டாலும் யோசனையாகப் போகும். ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அறிக்கை என்று பேச்சு வந்தால் "முதல் மாற்றத்தை நீங்கள் இருக்கும்போதே செய்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். தயங்குகிறவரை விட்டுவிடலாம்.

வாகன உதிரிபாக வெண்டர்களுக்கு மட்டும் ஒரு பக்கக் குறிப்பு. வாடிக்கையாளர் ஆடிட்டுக்காக பி.எஃப்.எம்.இ.ஏ. எனும் தவறு-ஆய்வுக் கோப்பு ஒன்று உங்களிடம் ஏற்கனவே இருக்கும், எந்த இடத்தில் என்ன தப்பு நடக்கலாம், நடந்தால் எவ்வளவு மோசம், முன்னாலேயே பிடிபடுமா என்று வரி வரியாக. உண்மையில் அது ஓட்டை தேடும் கருவிதான். ஆனால் பழைய பார்ட்டின் கோப்பைக் காப்பி அடித்து, பெயரை மாற்றி, இவற்றுக்குப் போடும் மதிப்பெண்களைப் பெருக்கி வரும் எண்ணை நூறுக்குக் கீழே வரும்படி சரிக்கட்டி வைத்திருப்பதுதான் வழக்கம். அந்த எண்ணை விட்டுவிட்டு 'எதை முதலில் கவனிக்க வேண்டும்' என்று வரிசைப்படுத்தும் முறைக்கு இந்தக் கோப்புக்கான 2019-ம் ஆண்டுக் கையேடு மாறிவிட்டது. ஆலோசகருக்குப் பணம் கொடுக்குமுன் கடந்த வருட ரிஜெக்‌ஷன்களை எடுத்து, அவற்றில் எத்தனை இந்தக் கோப்பில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன என்று பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் எங்கே தொடங்குவது என்பது தெரிந்துவிட்டது.

## 4. கணக்கும் சாஃப்ட்வேரும்

புதிதாக எதையும் வாங்குமுன், இருப்பதைப் பாருங்கள். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால் கணக்கு சாஃப்ட்வேரில் திருத்தப் பதிவு 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்று அதில் இருக்கும். ஆடிட்டருக்காக என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு மாதப் பதிவை எடுத்துப் பாருங்கள், ஒரே வாடிக்கையாளரின் பில் திரும்பத் திரும்பத் திருத்தப்படுகிறது என்றால், தப்பு பில் போடும் பெண்ணிடம் இல்லை, ஆர்டர் விவரம் அவர் மேசைக்கு வந்து சேரும் விதத்தில் இருக்கிறது.

இன்னொரு இலவசக் கணக்கு. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது: உள்ளே நிற்கும் சரக்கை, ஒரு நாளைக்கு வெளியே போகும் சரக்கால் வகுத்தால், ஒரு பீஸ் சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்று வரும். ஷெட்டுக்குள் எல்லா நிலையிலும் சேர்த்து 2,000 பீஸ், தினம் 400 போகிறது என்று வைத்துக்கொள்வோம், அப்போது ஐந்து நாள். மெஷின் நேரத்தைக் கூட்டினால் அரை மணி கூட வராதே என்றால், மிச்ச நாலரை நாளுக்கு மேல் அது எங்கேயோ தூங்குகிறது. எங்கே என்பதை இந்தக் கணக்கு சொல்லாது, அதற்கு மஞ்சள் அட்டைதான்.

புது சாஃப்ட்வேர் போட்டவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பதிவு நேரத்தை. எல்லா வேலையும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு முடிந்ததாக இருந்தால், அது வேலை முடிந்த நேரம் இல்லை, ஆபரேட்டர்கள் கை கழுவிவிட்டு வந்து ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல ஹெல்பர் ஒருவர் தட்டியது. அந்தத் தகவலை வைத்து வரையும் வண்ண வண்ண வரைபடத்துக்கு மாதச் சந்தா கட்டுகிறீர்கள். ஒவ்வொரு சரக்குக்கும் குறியீடு (ஐட்டம் கோட்) உருவாக்கும் வேலை, பதிவுக்கு ஒரு ஆள், அந்த ஆள் லீவு போட்டால் மறுநாள் குழப்பம், இதெல்லாம் விற்க வருகிறவர் சொல்லாத செலவு. பழைய குளறுபடியை அப்படியே சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டால் அப்புறம் "சிஸ்டம் விடமாட்டேங்குது சார்" என்று அதற்கு ஒரு காவலும் வந்துவிடும்.

ஆனாலும் இரண்டு யூனிட், மூன்று ஷிஃப்ட், நூற்றுக்கணக்கில் ஐட்டம் என்று போய்விட்டால் கண்ணும் அட்டையும் போதாது. அங்கே சாஃப்ட்வேர்தான், வேறு வழியில்லை.

## ஒரே பார்வையில்

| | நீங்களே நிற்பது | ஆட்களைக் கேட்பது | ஆலோசகர் | கணக்கு / சாஃப்ட்வேர் |
|---|---|---|---|---|
| நடப்பது தெரியுமா | தெரியும், இரண்டாம் நாளிலிருந்து | நம்பினால் தெரியும் | வந்த நாளில் நடந்தது மட்டும் | பதிவு நேர்மையாக இருந்தால் |
| கை மாறும் இடம் | நன்றாக | தன் பக்கம் மட்டும் | நன்றாக | தாமதம் தெரியும், காரணம் தெரியாது |
| கைக்காசு | கிட்டத்தட்ட இல்லை | கொஞ்சம் | அதிகம், மானியம் உண்டு | தொடர்ந்து போகும் |
| மறைந்த செலவு | உங்கள் நாட்கள் | ஓ.டி. பேச்சு, நம்பிக்கை | சூப்பர்வைசர் நேரம், ரகசியம் | பதிவு ஆள், சரக்குக் குறியீட்டு வேலை |
| பின்தொடர ஆள் | நீங்களே | அவர்களே | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | யாரும் இல்லை |

## யாருக்கு எது

இருபத்தைந்து பேருக்குள் இருக்கும் ஜாப் வொர்க் யூனிட் என்றால் யோசிக்கவே வேண்டாம், அட்டையைக் கட்டி நீங்களே போங்கள், அதன் பிறகு ஆட்களைக் கேளுங்கள். முதலில் பார்த்துவிட்டுக் கேட்டால் "அந்தக் கேஜ் விஷயம்" என்று குறிப்பாகக் கேட்க முடியும், பதிலும் குறிப்பாக வரும்.

பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோன இடம், அல்லது வாடிக்கையாளர் ஆடிட்டில் மஞ்சள், சிவப்பு என்று குறித்துக் கெடு வைத்துவிட்ட இடம் என்றால் ஆலோசகர். கெடு இருக்கும்போது நீங்களே கற்றுக்கொண்டு செய்ய நேரமில்லை.

கிரானைட் அறுக்கும் யூனிட்டுக்காரர்கள் கேட்டால் நான் கணக்கிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஒரு பிளாக்கில் எவ்வளவு ஸ்லாப் வந்தது, எவ்வளவு உடைந்தது என்பதை பிளாக் வாரியாக எழுதாமல் எங்கே நின்று பார்த்தாலும் பிடிபடாது.

மாங்கூழ் ஆலைகள் தனிக் கதை. பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும்போது எடை மேடைக்கு வெளியே லாரி வரிசை, உள்ளே பழுக்க வைத்த குவியலில் ஒரு பக்கம் கனிந்து ஒரு பக்கம் காயாக, கழுவும் இடத்தில் தேக்கம் என்று ஓட்டை எல்லாம் கண்ணெதிரே இருக்கும், ஆனால் நிறுத்திச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட இருக்காது. சீசன் முடிந்து சாவகாசமாக ஆலோசகரைக் கூப்பிட்டால் அவர் கழுவிக் கவிழ்த்த டிரம்மையும் சுத்தமான தொட்டியையும் பார்த்துவிட்டுப் போவார். அதனால் இங்கே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சீசனில் பார்ப்பதும் குறிப்பதும் மட்டும், லாரி கேட்டுக்கு வந்த நேரம், எடை போட்ட நேரம், இறக்கி முடித்த நேரம், அந்தப் பழம் அரவைக்குப் போன நாள். கேட் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டும் சுவர்க் கடிகாரமும் போதும். மாற்றுவது, மெஷின் நகர்த்துவது, ஆலோசகரைக் கூப்பிட்டு அந்த நோட்டை முன்னால் வைப்பது எல்லாம் சீசன் முடிந்த பிறகு.

எந்த ஆர்டரில் அட்டையைக் கட்டுவது என்று கேட்பவர்களுக்கு: பெரிய வாடிக்கையாளரின் ஆர்டரில் வேண்டாம், அதை எல்லாரும் எப்படியும் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். போன மாதம் தள்ளிப்போன, யாரும் சண்டை போடாத நடுத்தர ஆர்டர் ஒன்றை எடுங்கள். அட்டையில் முதல் நேரத்தை மெஷினில் எழுதாதீர்கள், ஆர்டர் மெயில் வந்த நேரத்தை எழுதுங்கள்.